இமயமலை தாண்டும் வாத்தும் ஊட்டியில் சாகும் கோழியும்

கேள்வி: ஊட்டியில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு 100 பிராய்லர் குஞ்சுகள் விட்டேன். நாலாவது வாரத்திலிருந்து வயிறு வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்து, மூச்சிரைத்துச் சாகின்றன. கோவையில் வளர்த்தபோது இப்படி ஆனதில்லை. உயரம்தான் காரணம் என்கிறார் நண்பர். பறவைகள் இமயமலையையே தாண்டுகின்றனவே, ஊட்டி எம்மாத்திரம்?

பதில்: நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. செத்த கோழி ஒன்றைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றில் வைக்கோல் நிறத் தண்ணீரும், இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து பெருத்தும் இருந்தால் நீர்க்கோவை என்று வைத்துக்கொள்ளலாம். இது தொற்று இல்லை. ஆன்டிபயாடிக்குக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

பறவையின் நுரையீரல் நம்முடையதுபோல் விரிந்து சுருங்காது. விலா எலும்புகளோடு ஒட்டிக் கிடக்கும். துருத்தி வேலையைக் காற்றுப்பைகள் பார்க்கின்றன. பெரும்பாலான பறவைகளுக்கு 9 பைகள். இழுத்த காற்றில் பெரும்பகுதி முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போய், நுரையீரல் வழியாக முன்பக்கப் பைகளுக்கு வந்து வெளியேறும். ஒருமுறை இழுத்த காற்று வெளியே வர இரண்டு மூச்சு ஆகும். நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடுவதால் புதுக்காற்றோடு பழையது அதிகம் கலப்பதில்லை. காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் சவ்வும் மிக மெல்லியது.

குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் வரித்தலை வாத்து இந்த அமைப்போடு இன்னும் சில வசதிகளையும் வைத்திருக்கிறது. மற்ற வாத்துகளைவிடப் பெரிய நுரையீரல், ஆழமான மூச்சு, ஆக்சிஜனை இறுகப் பிடிக்கும் ஹீமோகுளோபின், சிறகுத் தசையில் நெருக்கமான ரத்த நுண்குழாய்கள். கருவி பொருத்திக் கண்காணித்ததில் 7,290 மீட்டர் உயரம்வரை பறந்தது பதிவாகியிருக்கிறது.

உங்கள் பிராய்லருக்கும் அதே வகை நுரையீரல்தான். ஆனால் கறிக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் நெஞ்சுத் தசை வளர்ந்த வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்கவில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். குறையை ஈடுகட்ட இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. அசையாத நுரையீரலின் நுண்குழாய்கள் அதற்கேற்ப விரிந்து கொடுப்பதில்லை. அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் தோற்றுப்போக, ரத்தம் ஈரலில் தேங்கி, நீர் வயிற்றுக்குள் கசிகிறது. குளிர் வேறு உடம்பின் ஆக்சிஜன் தேவையைக் கூட்டிவிடும்.

வீங்கிவிட்ட கோழியைக் காப்பாற்றுவது கடினம். மிச்சக் குஞ்சுகளுக்கு வளர்ச்சியை மட்டுப்படுத்துங்கள்: குருணைத் தீவனத்துக்குப் பதில் மாவுத் தீவனம், இரவில் சில மணி நேரம் விளக்கை அணைத்தல். உப்பு கூடாமல் பாருங்கள். அடுத்த முறை குஞ்சு விடும்போது முதல் மூன்று வாரம் கதகதப்பு குறையவே கூடாது. அதற்காகத் தார்ப்பாயால் கொட்டகையை மூச்சுமுட்ட மூடிவிடுகிறவர்கள்தான் மலையில் அதிகம். அம்மோனியா ஏறி நுரையீரலை இன்னும் கெடுக்கும். கண் எரிந்தால் மேற்பக்கம் உடனே திறந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், ஊட்டிக்கு நாட்டுக்கோழிதான். மெதுவாக வளரும், விலையும் கூடக் கிடைக்கும். பிராய்லர்தான் வேண்டுமென்றால் 35 நாள்வரை காத்திராமல் ஒன்றரைக் கிலோவிலேயே விற்றுவிடுங்கள்.