யூடியூப் போதாதா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் மீடியா இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செய்முறைப் படிப்பு என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். தேர்வு குறைவு, எல்லாமே அசைன்மென்ட். ஆனால் எடிட்டிங் மென்பொருளைக்கூட யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. “யூடியூப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்” என்கிறார்கள். செய்துகொண்டு போனால் எல்லார் முன்னாலும் போட்டுப் பிய்க்கிறார்கள். போன செமஸ்டரில் பிரிக்பீல்ட்ஸில் பூமாலை கட்டும் ஓர் அங்கிளைப் பற்றி ஐந்து நிமிட ஆவணப்படம் எடுத்தோம். வெளிச்சம் துடிக்கிறது, பேச்சு கேட்கவில்லை, தமிழ் சப்டைட்டிலில் எழுத்து உடைந்திருக்கிறது என்றார்கள். கடைசியில் “இதில் அந்த மனிதரே இல்லை” என்று வேறு. சி பிளஸ்தான் கிடைத்தது. “யூடியூப்பில் படிக்கிறதுக்கா பி.டி.பி.டி.என். கல்விக் கடன்?” என்று அப்பா கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

ஒரு மாணவர், செந்தூல்

அன்புள்ள தம்பி,

அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். முதல் செமஸ்டரில் இரண்டு வாரமாவது மென்பொருளின் அடிப்படையைச் சொல்லித் தந்திருக்க வேண்டும். அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆனால் நீங்கள் குறையாக எழுதியிருக்கிற மற்றதை, அதாவது எல்லார் முன்னாலும் போட்டுப் பிய்க்கிறார்கள் என்பதை, நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்தக் கடனுக்கு உண்மையாகவே பலன் கிடைக்கிற பகுதி அதுதான்.

உங்கள் படத்தையே எடுத்துக்கொள்வோம். வெளிச்சம் ஏன் துடித்தது? நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கடையில் இருக்கும் சாதாரண டியூப்லைட் அதனால் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நீங்கள் நொடிக்கு 30 பிரேமில், ஷட்டரை 1/60 நொடியில் வைத்து எடுத்திருப்பீர்கள். பாடம் எடுத்த யூடியூபர் அமெரிக்கர் என்று பந்தயம் கட்டவும் தயார். அவர் ஊரில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே அந்தக் கணக்கு சரி. பிரிக்பீல்ட்ஸில் 25 பிரேம், 1/50 வைத்தால் பெரும்பாலும் தொல்லை இருக்காது. அவர் பொய் சொல்லவில்லை தம்பி, ஆனால் அவர் உங்கள் தெருவில் நின்று பேசவில்லை.

எழுத்து உடைந்தது இன்னும் எளிய விஷயம். பிரீமியர் புரோ என்கிற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்தீர்கள் என்றால், பிரிஃபரன்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். ‘கொ’வும் ‘கோ’வும் ஒழுங்காக உட்காரும். கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு மென்பொருளை (பின்னாளில் முரசு அஞ்சல்) முத்து நெடுமாறன் 1980களிலேயே உருவாக்கியது இங்கே மலேசியாவில்தான். அந்த நாட்டில் இருந்துகொண்டு ஒற்றைக்கொம்பு தனியாகத் தொங்குகிற சப்டைட்டிலோடு படம் காட்டினால் நமக்கே கொஞ்சம் கூச்சமாக இல்லையா?

பேச்சு கேட்காததற்குக் காரணம் சொல்லவே வேண்டாம். மேலே மோனோரயில், கீழே துன் சம்பந்தன் சாலை வாகனங்கள், தலைக்கு மேல் ஃபேன், மைக்கோ கேமராவிலேயே. சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக் மாட்டி, கேள்வி கேட்கிற நேரம் மட்டும் ஃபேனை நிறுத்தச் சொன்னாலே பாதி சரியாகிவிடும்.

இந்த மூன்றுக்கும் விடை இணையத்தில் கிடைக்கும். ஆனால் படம் போட்டுக் காட்டுகிற இருட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் “அங்கே பார், துடிக்கிறது” என்று காட்டாமல் இருந்திருந்தால் நீங்கள் தேடியே இருக்க மாட்டீர்கள். நம் கண் நம் படத்தின் குறையைச் சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

நான்காவது குறைதான் பெரியது. மாணவர் படங்களுக்குக் கருத்து சொல்ல என்னையும் அவ்வப்போது கூப்பிடுவார்கள். பூ கட்டுகிறவர், முறுக்கு சுடுகிறவர், முடிதிருத்துகிறவர் என்று யாரைப் பற்றிய படம் வந்தாலும் ஒரு வீணை இசை ஓடும், அதன்மேல் ஒரு குரல் “அழிந்துவரும் பாரம்பரியம்” என்று ஆரம்பிக்கும். உங்கள் படத்திலும் அந்தக் குரல் இருந்ததா? இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த அங்கிள் தன்னைப் பாரம்பரியம் என்று நினைத்துக்கொண்டா காலையில் கடை திறக்கிறார்? கேமரன் மலை சாமந்தி இன்றைக்கு என்ன விலை, தைப்பூச வாரத்தில் கூடுதலாக ஆள் கிடைக்குமா, மிஞ்சிய பூவை என்ன செய்வது, மகன் இந்தக் கடைக்கு வருவானா மாட்டானா, இப்படித்தான் அவருக்கு ஓடும். இதையெல்லாம் நீங்கள் கேட்கவே இல்லை. எழுதி வைத்த வசனத்துக்கு அவர் விரலைப் படம் பிடித்திருக்கிறீர்கள். “இதில் அந்த மனிதரே இல்லை” என்று உங்கள் விரிவுரையாளர் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். எந்த யூடியூப் பாடமும் உங்கள் படத்தைப் பார்த்து இப்படிச் சொல்லாது.

அதற்காகப் பல்கலைக்கழகம் சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. “ஓகே லா” என்றோ “நன்றாக இல்லை” என்றோ சொல்லிவிட்டு மார்க் போட்டால் அது விமர்சனம் இல்லை. எந்த இடம், ஏன் என்று கேளுங்கள். திருத்தி மறுபடி காட்ட வாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள். ஒரு படத்தை ஒரே தடவை காட்டி முடித்துவிடுகிற செய்முறைப் படிப்பு எனக்குப் பாதிப் படிப்பாகத்தான் படுகிறது. அப்புறம் குரூப் ஒர்க். எடிட்டிங் தெரிந்த ஒருவனே மூன்று வருஷமும் எடிட் செய்வான், மற்றவர்கள் சாப்பாடு வாங்கி வருவார்கள். முடிந்தவரை வேலையை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடும் பழக்கத்தையும் இப்போதே விட்டுவிடுங்கள். வகுப்பில் கைதட்டு கிடைக்கும், யூடியூப்பில் ஏற்றினால் உரிமைக்காரர் வந்து நிற்பார்.

வேலை பற்றி அப்பாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தமிழ் ஊடகத்தை மட்டும் நம்ப முடியாது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019இல் நின்றுவிட்டது. வானவில் தொலைக்காட்சி, மின்னல் எஃப்எம் வானொலி போன்ற இடங்களில் எல்லாருக்கும் இடம் இருக்காது. ஆனால் வங்கி, மருத்துவமனை, மால், விளம்பர நிறுவனம் என்று எங்கு பார்த்தாலும் வீடியோ செய்ய ஆள் தேடுகிறார்கள், வேலை பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். நேர்காணலில் சி பிளஸ்ஸை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, செய்த வேலையைக் காட்டு என்பார்கள். அதனால் பூக்கடைக்கு மறுபடி போங்கள். அந்தக் குரலையும் வீணையையும் எடுத்துவிட்டு அவரைப் பேச விடுங்கள்.

மூன்றாம் ஆண்டில் வெளியாருக்குச் செய்து தருகிற புராஜெக்ட் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இல்லையென்றால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கோ கோவிலுக்கோ நீங்களே ஒன்று செய்து கொடுங்கள். கோவில் என்றால் ஒப்புதல் சொல்லப்போவது யார் என்று ஒரே ஒருவரின் பெயரை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் தலைவர் முகம் போதவில்லை என்று செயலாளர் ஒரு பக்கம், பொருளாளரைக் காணோம் என்று அவர் வீட்டம்மா ஒரு பக்கம், நீங்கள் கும்பாபிஷேகம் முடிந்தும் எடிட் செய்துகொண்டிருப்பீர்கள்.