பயந்த சுபாவமும் ரெஸ்ற் பைலற்றும்

கடிதம்:

வணக்கம் அண்ணை. நாசா விண்வெளி வீரர் ஜோன் யங்கைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதினதை வாசிச்சன். நல்லாத்தான் இருந்தது, ஆனா ஒரு விசயம் இடிக்குது. அவரை மாதிரி ரெஸ்ற் பைலற், அதாவது புது விமானங்களை ஓட்டிச் சோதிக்கிற ஆக்கள் எண்டா, உயிரைப் பெரிசா நினைக்காத ஆக்கள் எண்டுதானே நாங்கள் நினைக்கிறம். விண்வெளிக்கு சாண்ட்விச் ஒளிச்சுக் கொண்டுபோய்ப் பேச்சு வாங்கின மனுசனை நாசா பேந்து எப்பிடி வீரர் எல்லாருக்கும் தலைவராப் போட்டது? மற்றது, என்ர தங்கச்சியின்ர மகன் ஏ.எல் மட்ஸ் படிக்கிறான், விண்வெளிக்குப் போகோணும் எண்டு ஒரே கதை. ஆள் பயந்த சுபாவம். இவனுக்கு இது சரிவருமோ?
– பருத்தித்துறையிலயிருந்து ஒரு வாசகர்

பதில்:

வணக்கம் தம்பி. சாண்ட்விச்சை முதல்ல முடிச்சுவிடுவம். 1965 மார்ச், ஜெமினி 3 எண்ட விண்கலம், அஞ்சு மணித்தியாலம்கூட வராத பயணம். யங் பொக்கற்றில இருந்து எடுத்துக் குடுக்க, கூடப் போன கஸ் கிரிசம் ஒரு கடி கடிச்சார், தூள் மிதக்கத் தொடங்கினதும் திருப்பிச் சுத்தி வைச்சாச்சு. அது அமெரிக்க காங்கிரஸ் வரைக்கும் போனது உண்மை. ஆனா 42 வருசம் நாசாவில இருந்த மனுசனை இந்த ஒரு பாண் துண்டை வைச்சு எடைபோடுறது எனக்குப் பிடிக்கிறேல்ல.

அவர் 1952இல ஜோர்ஜியா ரெக்கில விமானப் பொறியியல் முடிச்சிட்டு நேவிக்குப் போனவர், முதல்ல கப்பல், பேந்துதான் பறப்பு. மேரிலாண்டில பற்றக்சன்ட் ரிவர் எண்ட இடத்தில நேவியின்ர ரெஸ்ற் பைலற் பள்ளிக்கூடம் இருக்கு, யங்கும், பிற்காலத்தில சுனிதா வில்லியம்ஸும் படிச்சது அங்கதான். அங்க படிப்பிக்கிறது சாகசம் இல்லை. மயிலிட்டியில புது எஞ்சின் பூட்டின வள்ளத்தை ஒருத்தர் கடலுக்கு எடுத்துக்கொண்டு போய், எந்த வேகத்தில எந்தப் பக்கம் உதறுது எண்டு வந்து மெக்கானிக்கிட்ட சரியாச் சொல்லுறார் எல்லோ, அந்த வேலைதான், வேகம் மட்டும் வேற. எவ்வளவு வேற எண்டா, 1962இல யங் பன்ரம் எண்ட போர் விமானத்தை நிண்ட நிலையில இருந்து 3,000 மீற்றர் உயரத்துக்கு 34 செக்கன் சொச்சத்தில ஏத்தி உலக சாதனை வைச்சவர். பலாலி ரன்வேயில நிக்கிற பிளேன் அரை நிமிசத்தில அந்த உயரத்துக்குப் போனா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

1972 ஏப்ரலில அப்பலோ 16இல சந்திரனில நிக்கேக்க, ஷட்டிலுக்கான (திரும்பத் திரும்பப் பறக்கக்கூடிய விண்வெளி ஓடம்) காசுக்கு காங்கிரஸ் வோட் போட்டிட்டுது எண்டு கீழ இருந்து சொல்லுகினம், இவர் அங்க நிண்டுகொண்டே எங்கட நாட்டுக்கு அது கட்டாயம் வேணும் எண்டு சந்தோசப்படுறார். (அதே பயணத்தில, குடிக்கத் தந்த தோடம்பழச் சாறு வயித்தில வாயுவைக் கிளப்புது எண்டு மைக் திறந்து கிடக்கிறது தெரியாமக் கதைச்சதும் இவர்தான்.) ஒம்பது வருசம் கழிச்சு, 1981 ஏப்ரல் 12, கொலம்பியா எண்ட ஷட்டில் முதல் முதல் எழும்பேக்க கொமாண்டர் சீற்றில இருந்ததும் அவர். ஆளில்லாம ஒருக்காவும் விட்டுப் பாக்காத வாகனம் அது. பக்கத்தில இருந்த பைலற் கிரிப்பனுக்கு நாடி 130, இவருக்கு 90க்குக் கிட்ட. வயசு போட்டுது, இதுக்கு மேல அது ஓடாது எண்டு பேந்து பகிடி விட்டவராம். இறங்கினதும் செய்த முதல் வேலை, கீழ போய், வெப்பத்தைத் தாங்க வெளியில ஒட்டியிருக்கிற ஓடுகள் எல்லாம் கிடக்கோ எண்டு சுத்திச் சுத்திப் பாத்தது. 16 ஓடு விழுந்திருந்தது, 148 சேதம்.

தலைவராப் போட்டது ஏன் எண்டு கேட்டியள். 1974இல அந்தப் பொறுப்புக் கிடைச்சது, அப்ப இவ்வளவு அனுபவம் இருந்த ஆக்கள் கன பேர் மிச்சம் இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது அந்தக் கதிரை போன கதைதான். 1986 ஜனவரியில சலெஞ்சர் எண்ட ஷட்டில் வெடிச்சு ஏழு பேர் போன பிறகு, கால அட்டவணைக்காகப் பாதுகாப்பை விட்டுக்குடுக்கிறியள் எண்டு மேலிடத்துக்குக் கடுமையா மெமோ எழுதினார், அது பத்திரிகையிலயும் வந்திட்டுது. 1987இல தலைவர் பதவியில இருந்து மாத்தி, பாதுகாப்பு ஆலோசகர் மாதிரி ஒரு வேலை குடுத்தினம். திரும்பப் பறக்கவே இல்லை. ஆனா விட்டிட்டுப் போகவும் இல்லை, 2004 முடியும் வரைக்கும் அங்கயே இருந்து, இது பிழை, அது பிழை எண்டு எழுதிக்கொண்டே இருந்தவர். ஆறு தரம் விண்வெளிக்குப் போனதைவிட இதுக்குத்தான் கூட நெஞ்சு வேணும் எண்டு நான் நினைக்கிறன், நீங்கள் ஒத்துக்கொள்ளாட்டிலும் பரவாயில்லை.

இனி மருமகன்ர கதை. பயம் ஒரு தடை இல்லை, யங்குக்குப் பயம் இருந்தபடியால்தான் அந்த ஓடுகளைச் சுத்திச் சுத்திப் பாத்தவர். உண்மையான தடை வேற: நாசா அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஆக்களைத்தான் எடுக்கும், இஞ்சையிருந்து நேர விண்ணப்பிக்க ஏலாது. இப்ப பைலற்றாத்தான் இருக்கோணும் எண்டும் இல்லை, விஞ்ஞானம், பொறியியல், கணிதம் மாதிரி ஒண்டில மாஸ்ரர்ஸும் வேலை அனுபவமும் பாப்பினம். மட்ஸை ஒழுங்கா முடிக்கட்டும், மொறட்டுவ இல்லாட்டி பேராதனையில எஞ்சினியரிங் கிடைக்குதோ எண்டு பாப்பம். மிச்சத்தைப் பேந்து கதைப்பம், விருப்பமெண்டா அவனையே நேர எனக்கு எழுதச் சொல்லுங்கோ.