கருப்பொருள் வழி விளையாட்டுக் கற்றல் என்றால் என்ன?

'மழை' போல ஒரே கருப்பொருளை எடுத்துக்கொண்டு, ஓரிரு வாரம் எழுத்து, எண், ஓவியம், பாட்டு எல்லாவற்றையும் அதைச் சுற்றியே விளையாட்டாகப் படிப்பதுதான் இது.

சின்னக் குழந்தைக்குக் கணக்கு வேறு, மொழி வேறு என்ற பிரிவே கிடையாது. வெளியே வைத்த டம்ளரில் எவ்வளவு மழைத்தண்ணீர் சேர்ந்தது என்று விரல் வைத்துப் பார்க்கும்போதே அளவும் வருகிறது, 'நேற்றைவிட அதிகம்' என்ற பேச்சும் வருகிறது. மணிகளைக் கையில் அள்ளினால் சிந்தும். நூலில் கோத்தால் சேர்ந்தே வரும். அப்படித்தான் ஞாபகமும்; கருப்பொருள்தான் அந்த நூல். 1837-இல் ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் தொடங்கிய மழலையர் பள்ளியிலேயே விளையாட்டுதான் மையம். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் குழந்தைக்குக் குறைவதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

'சும்மா விளையாட விடுகிறார்கள்' என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த டம்ளரை எங்கே வைப்பது, எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்பதெல்லாம் ஆசிரியர் முன்கூட்டியே திட்டமிட்டது.