கன் ஷோல பாத்த இஷாப்பூர் ரைபிள வாங்கலாமா?

டல்லாஸ் பக்கத்துல இருக்குற ஒரு நண்பர் கேட்டிருக்கார். போன வருஷம் கிரீன் கார்டு வந்துச்சாம், ஒரு கன் ஷோல (துப்பாக்கி சந்தை) நம்ம ஊரு இஷாப்பூர் ஃபேக்டரி முத்திரை குத்துன ரைபிள் ரெண்டு பாத்திருக்கார், தோட்டா அளவுல ஒண்ணு .303, இன்னொண்ணு 7.62. அப்பா ரிட்டையர்டு ஆயுதப்படை போலீஸ், அந்த .303-ய தூக்கிட்டுத்தான் சர்வீஸ ஆரம்பிச்சவர், அதான் ஆசை. வாங்கலாமா, பழைய துப்பாக்கி சேக்குறவங்களுக்கான சி அண்ட் ஆர் லைசென்ஸ் எடுக்கணுமா, விசிட் வரப்போற அப்பாவ சுட்டுப் பழகுற ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போலாமா, கடைசியில ஊருக்கு எடுத்துட்டுப் போய் வீட்ல மாட்டலாமா, எச்1பில இருக்குற ஃப்ரெண்டுக்கும் ஆசையாம், அவருக்கு வழி உண்டா, இவ்வளவுதான் கேள்வி.

வாங்கலாம். லைசென்ஸ் கட்டாயம் இல்ல. அப்பா விஷயத்துல ரொம்ப கவனம். ஊருக்கு எடுத்துட்டுப் போறத மறந்துடுங்க.

முதல்ல துப்பாக்கிய விடுங்க, உங்க இமிக்ரேஷன் ஸ்டேட்டஸ் என்னன்னு பாக்கணும். கிரீன் கார்டு இருந்தா ஃபெடரல் சட்டப்படி சிட்டிசன் மாதிரியேதான் வாங்கலாம், ஆனா எச்1பி, எஃப்1, எல்1, பி2 (விசிட்டர் விசா) இந்த மாதிரி நான்-இமிக்ரண்ட் விசால வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கவே கூடாது, வாங்கக் கூடாதுன்னு மட்டும் இல்ல, கையில வச்சிருக்குறதே குத்தம். இதுக்கு முக்கியமான விலக்கு, அமெரிக்கால எடுத்த செல்லுபடியாகுற ஹண்டிங் லைசென்ஸ். நம்ம பசங்க எத்தனையோ பேர் எச்1பில இருந்துகிட்டு ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுட்டு போட்டோ போடுறாங்க, கவுண்டர்ல விசா பத்தி பெருசா கேள்வி வராது, அதனால தப்பில்லன்னு நெனச்சுக்குறாங்க. துப்பாக்கி கேஸ் ஒண்ணு விழுந்தா நாட்ட விட்டே அனுப்புற அளவுக்குப் போகும், ஃபைன் கட்டிட்டு வர்ற விஷயம் இல்ல இது.

உங்க அப்பா பி2ல வர்றாருன்னா அவரும் இதே லிஸ்ட்லதான். முப்பது வருஷம் போலீஸ்ல இருந்தாருங்குறது இங்க கணக்குல வராது. டெக்ஸஸ்ல வெளியாளுங்களுக்கும் ஹண்டிங் லைசென்ஸ் காசு கட்டி எடுக்கலாம், அவர் பேர்ல ஒண்ணு எடுத்து பாக்கெட்ல வச்சுகிட்டு அப்புறம் ரேஞ்சுக்கு போங்க. இல்லாம அவர் கையில குடுத்தா அவருக்கு மட்டும் இல்ல, குடுத்த உங்களுக்கும் சேத்துதான் சிக்கல். அவர் வீட்ல தங்குற மாசங்கள்ல சேஃப் பூட்டி இருக்கட்டும், சாவி உங்ககிட்ட இருக்கட்டும்.

இப்ப கடையில வாங்குறது. டீலர்கிட்ட வாங்கினா 4473னு ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, அதுல சிட்டிசனான்னு ஒரு கட்டம் வரும். அவசரத்துல அதுல டிக் அடிச்சுடாதீங்க. துப்பாக்கி சட்டத்துல பொய் சொன்னது ஒரு பக்கம்னா, சிட்டிசன் இல்லாம சிட்டிசன்னு சொல்றது இமிக்ரேஷன்ல ஏறக்குறைய மன்னிப்பே இல்லாத தப்பு, பின்னாடி சிட்டிசன்ஷிப் அப்ளை பண்றப்போ இது வந்து நிக்கும். கிரீன் கார்டுல இருக்குற ஏலியன் நம்பர எழுதுங்க. கவுண்டர்ல இருக்குற பையனுக்கு இது பழக்கமில்லாம முழிக்கலாம், பொறுமையா சொல்லுங்க. கஞ்சா கேள்வியும் அதே ஃபார்ம்ல இருக்கு, உங்க ஸ்டேட்ல அனுமதி உண்டாங்குறது அந்தக் கேள்விக்கு சம்பந்தமே இல்லாதது.

கன் ஷோ டேபிள்ல உக்காந்திருக்குறவர் டீலரா இல்லாம தன் கலெக்‌ஷன்ல இருந்து விக்கிற தனி ஆளா இருந்தா, டெக்ஸஸ்ல ஒரே ஸ்டேட்காரங்களுக்குள்ள அந்த ஃபார்ம் இல்லாமயே கைமாத்தலாம். சட்டப்படி சரிதான். இருந்தாலும் சீரியல் நம்பர் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு ரசீது வாங்கி வச்சுக்கங்க.

சி அண்ட் ஆர்ங்குறது பழைய துப்பாக்கி சேக்குறவங்களுக்கு ஏடிஎஃப் (துப்பாக்கி விஷயத்த பாத்துக்குற ஃபெடரல் ஏஜென்சி) குடுக்குற லைசென்ஸ், டைப் 03. 21 வயசு ஆகியிருக்கணும், 30 டாலர், மூணு வருஷம் செல்லும், அப்ளிகேஷன் காபி ஒண்ணு உள்ளூர் போலீஸ் சீஃபுக்கோ ஷெரிஃபுக்கோ அனுப்பணும். இருந்தா என்ன லாபம்னா வேற ஸ்டேட்ல இருக்குற விக்கிறவர் நேரா உங்க வீட்டுக்கே அனுப்பலாம், நடுவுல டீலர் கமிஷன் இல்ல, ஆனா அந்த ரைபிள் சி அண்ட் ஆர் கணக்குல வர்றதா இருக்கணும். பொதுவான விதி, செஞ்சு 50 வருஷம் ஆகியிருக்கணும், ஒரிஜினல் வடிவத்துலயே இருக்கணும். இந்த ரெண்டாவது பாதியத்தான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. 1942ல செஞ்ச .303 ஆனாலும் எவனோ ஒருத்தன் அம்பதுகள்ல மான் வேட்டைக்குன்னு கட்டைய அறுத்து, பேரல குறைச்சு, ஸ்கோப் மாட்ட ஓட்டை போட்டிருந்தா அது வெறும் பழைய துப்பாக்கிதான், சி அண்ட் ஆர்னு சொல்லிக்க முடியாது.

50 வருஷங்குறது நகந்துகிட்டே இருக்குற கோடு, அதுதான் உங்க 7.62-க்கு நல்ல செய்தி. 1962 சீனப் போருக்கு அப்புறம் அவசர அவசரமா யோசிச்சு, பழைய எஸ்எம்எல்இ (அந்த .303 லீ-என்ஃபீல்டு ரைபிள்) டிசைன அப்படியே வச்சுகிட்டு, உறுதியான ஸ்டீல் போட்டு, 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாத்தி மேற்கு வங்காளத்துல இருக்குற இஷாப்பூர் ஃபேக்டரில செஞ்சதுதான் 2ஏ, அப்புறம் 2ஏ1. எழுபதுகளோட நடுப்பகுதி வரைக்கும் செஞ்சாங்க. போல்ட் (தோட்டாவ உள்ள தள்ளிப் பூட்டுற பாகம்) ஹேண்டில் பக்கம், ஸ்டாக் (பின்கட்டை) வந்து சேர்ற இடத்துல வலது பக்கமா பாருங்க, ஆர்எஃப்ஐ, மாடல், வருஷம் எல்லாம் குத்தியிருக்கும். 1968னு போட்டிருந்தா யோசிக்கவே வேணாம்.

இந்த லைசென்ஸ் எடுத்தா ஒரு நோட்டு எழுதணும். வாங்குன துப்பாக்கிய அடுத்த வேலைநாள் முடியறதுக்குள்ள ஏத்தணும், வித்தா ஏழு நாளைக்குள்ள. திருடு போனா 48 மணி நேரத்துல ஏடிஎஃபுக்கும் லோக்கல் போலீசுக்கும் சொல்லணும். ஏடிஎஃப் கணக்கு பாக்க வரலாம், வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல சாதாரணமா வரமாட்டாங்க. வாங்கி வித்து சம்பாதிக்கிறதுக்கு இந்த லைசென்ஸ் இல்ல, அதுக்கு டீலர் லைசென்ஸ் வேற. எனக்குக் கேட்டா, ஒண்ணு ரெண்டு ரைபிளோட நிறுத்திக்குவேன்னா இது தேவையே இல்ல, ஆனா இந்தப் பைத்தியம் ஒண்ணு ரெண்டோட நிக்காது.

நாளைக்கே வேலை மாறி வேற ஸ்டேட்டுக்கு போனா கதை மாறும். இல்லினாய்ஸ்ல போலீஸ் குடுக்குற ஃபாய்டு கார்டு இல்லாம துப்பாக்கி வச்சிருக்க முடியாது. நியூ ஜெர்சில வாங்குறதுக்கே தனி ஐடி கார்டு வேணும், அதோட ரெண்டாம் உலகப்போர் எம்1 கார்பைன பேர் சொல்லியே தடை லிஸ்ட்ல போட்டு வச்சிருக்காங்க, டெக்ஸஸ்ல தாராளமா வாங்குனத அங்க தூக்கிட்டுப் போனா குத்தவாளி. எடிசன் பக்கம் நம்மாளுங்க எவ்வளவு பேர்னு உங்களுக்கே தெரியும், அதனாலதான் இத சொல்றேன்.

ரைபிள எப்படிப் பாக்குறதுன்னு நீங்க கேக்கல, ஆனா பணம் போறது இங்கதான். போல்ட்லயும் ரிசீவர்லயும் (போல்ட் ஓடுற உடம்புப் பகுதி) சீரியல் நம்பர் ஒண்ணா இருக்கான்னு முதல்ல பாருங்க, லீ-என்ஃபீல்டுல போல்ட ஒவ்வொரு ரைபிளுக்கும் பாத்து பொருத்துவாங்க, நம்பர் மாறியிருந்தா கன்ஸ்மித்கிட்ட ஹெட்ஸ்பேஸ் (பூட்டுன போல்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவுல உள்ள இடைவெளி) செக் பண்ணாம ஒரு ரவுண்டு கூட போடக் கூடாது. டிபினு முத்திரை இருந்தா அது டிரில்லுக்கு மட்டும் ஒதுக்குனது, சுடவே கூடாது, சுவருக்குத்தான். முன்கட்டைல வயர் சுத்துன .303 வந்தா பயப்படாதீங்க, அது கிரனேடு வீசுறதுக்கு பலப்படுத்துனது, சேக்குறவங்களுக்கு அது தனி ஐட்டம், சுடறதுக்கு நான் எடுக்கமாட்டேன். அப்புறம் ‘ஜங்கிள் கார்பைன்’னு குட்டையா அழகா ஒண்ணு காட்டுவாங்க, அது 7.62ல இருந்தா 2ஏ1-ஐ அமெரிக்கால வெட்டிச் செஞ்சது, பிரிட்டன்ல 1944ல இருந்து சில வருஷம் செஞ்ச நம்பர் 5 எல்லாம் .303 மட்டும்தான். கெட்ட சாமான்னு சொல்லல, ஒரிஜினல் விலை குடுக்காதீங்க.

2ஏ1ல கடையில விக்கிற .308 வேட்டை தோட்டா போடலாமாங்குறதுல இங்க சண்டை ஓயாது, நான் 7.62 நேட்டோ தவிர எதுவும் போடமாட்டேன். பழைய ராணுவ .303 தோட்டா சுட்டீங்கன்னா அன்னைக்கே பேரல்ல சுடுதண்ணி ஊத்தி, அந்தத் தோட்டா விட்டுட்டுப் போற உப்ப கழுவிட்டு, காய வச்சு எண்ணெய் போடணும், வெறும் எண்ணெய்க்கு அந்த உப்பு கரையாது, ஒரு வாரம் விட்டா ரசம் வச்ச இரும்புச் சட்டி மாதிரி உள்ள துரு ஏறிடும்.

ரெண்டாம் உலகப்போர் அமெரிக்க ராணுவ ரைபிள் எம்1 கேரண்டு மேல ஆசை வந்தா, சிஎம்பினு ஒரு அமைப்பு அலபாமா ஆனிஸ்டன்ல இருந்து விக்குது, ஆனா அவங்க சிட்டிசன் ப்ரூஃப் கேப்பாங்க, கிரீன் கார்டு பத்தாது. அதுவரைக்கும் வெளி மார்க்கெட்தான்.

உங்க எச்1பி ஃப்ரெண்டுக்கும் ஆசைன்னு எழுதியிருந்தீங்க. 1898லயோ அதுக்கு முன்னயோ செஞ்சது ஃபெடரல் சட்டத்துல ஆன்டிக், துப்பாக்கிங்குற கணக்குலயே வராது, அதனால 1890கள்ல செஞ்ச ஒரு ரஷ்ய ராணுவ ரைபிள், மோசின், அவருக்கு ஒரு வழி. தேதி பாக்க வேண்டியது ரிசீவர்ல, பேரல்ல இல்ல. சுவர்ல மாட்டிக்கட்டும், ஆனா தோட்டா ஒண்ணு கூட வாங்கக் கூடாது, தோட்டாவுக்கு அந்த விலக்கு கிடையாது. ஸ்டேட் சட்டத்தையும் ஒரு தடவை பாத்துக்கச் சொல்லுங்க.

இப்ப ஊரு. இந்தியாவுல .303யும் 7.62யும் தடைசெய்யப்பட்ட bore, அதாவது குழல் அளவு, கலெக்டர் ஆபீஸ்ல குடுக்குற சாதாரண லைசென்ஸ்ல அது அடங்காது, அங்க பொதுஜனம் வச்சிருக்குற ரைபிள் .315ஆ இருக்குறதுக்கு காரணமே அதுதான். 2019 திருத்தத்துக்கு அப்புறம் சாதாரண துப்பாக்கியே ஒருத்தருக்கு ரெண்டுதான், தடைசெஞ்சத லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா தண்டனை ஏழு வருஷத்துல ஆரம்பிக்குது. அப்பா ரிட்டையர்டு போலீஸ்ங்குறது அங்கயும் உதவாது. ரைபிள விடுங்க, ரேஞ்சுக்கு தூக்கிட்டுப் போற பேக்க இந்தியா டிரிப்புக்கு எடுக்கவே எடுக்காதீங்க, பாக்கெட் மூலைல மறந்து கிடக்குற ஒரே ஒரு தோட்டாவுக்கு சென்னை ஏர்போர்ட்ல கேஸ் வாங்குனவங்க இருக்காங்க. அந்த பேக்க ரைபிளோடயே சேஃப்ல வச்சுப் பூட்டிடுங்க, ஊருக்குன்னு வேற பேக் வாங்கிக்கங்க.