வாசகர் கேள்வி – பதில்: எஞ்சின் மாறும்போது தொழிலாளி என்ன செய்வது?

கேள்வி: என் இளைய மகன் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மூத்தவன் ஓசூரில் எஞ்சின் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் பதினொரு வருடமாக லேத் ஓட்டுகிறான். போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்த பிறகு, பெட்ரோல் வண்டி வேலைக்கு எதிர்காலம் இல்லை என்று பலரும் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் தொழில் மாறியபோது தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி கொடுத்தார்களாமே, அது எப்படி நடந்தது?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இளையவரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், அம்மா. பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ஆகியவை மின்சார வண்டியிலும் இருக்கின்றன. அவர் மேற்கொண்டு கற்க வேண்டியது பேட்டரியும் உயர் மின்னழுத்தப் பாதுகாப்பும்தான். ஜெர்மனியில் வாகன மெக்கானிக், வாகன எலக்ட்ரீஷியன் என்று தனித்தனியாக இருந்த தொழில்களை 2003இல் ஒரே தொழிலாக இணைத்தார்கள். 2013இல் அதற்குள்ளேயே உயர் மின்னழுத்த வண்டிகளுக்கென ஒரு சிறப்புப் பிரிவையும் சேர்த்தார்கள். முதலாளிகளின் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அரசும் ஒரே மேசையில் அமர்ந்து பாடத்திட்டத்தை எழுதுவதால், பட்டறையில் நடக்கும் மாற்றம் வகுப்பறைக்கும் வந்து சேர்கிறது. நம் ஐ.டி.ஐ.களிலும் மின்சார வாகன மெக்கானிக் என்ற பிரிவு வந்திருக்கிறது. படிப்பை முடித்ததும் அந்தத் துறையிலேயே அப்ரண்டிஸ் பயிற்சிக்கு முயலட்டும்.

மூத்தவரின் நிலைதான் கடினமானது. குடும்பத்தைத் தாங்குகிற ஒருவர் சம்பளத்தை விட்டுவிட்டு வகுப்பில் போய் உட்கார முடியாது என்பதை ஐரோப்பியர்கள் நிலக்கரிச் சுரங்கங்களை வைத்தே புரிந்துகொண்டார்கள். 1951இல் பாரிஸில் ஆறு நாடுகள் செய்துகொண்ட நிலக்கரி, எஃகு ஒப்பந்தத்திலேயே, வேலை இழக்கும் தொழிலாளிக்கு அடுத்த வேலை கிடைக்கும்வரை உதவித்தொகை, இடம்பெயரும் செலவு, புதுத் தொழிலுக்கான பயிற்சி ஆகிய மூன்றுக்கும் வழி வைத்தார்கள். 1957இல் கையெழுத்தான ரோம் ஒப்பந்தத்தின்வழி பிறந்த ஐரோப்பிய சமூக நிதி, மறுபயிற்சிச் செலவில் பாதியை ஏற்றது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: பயிற்சி பெற்றவர் அந்தப் புதுத் தொழிலில் குறைந்தது ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். சான்றிதழ்களை எண்ணிப் பயிற்சியின் வெற்றியைச் சொல்லிக்கொள்ளும் நமக்கு இந்த நிபந்தனை மிகவும் தேவை என்று நான் கருதுகிறேன்.

ஆனாலும் எல்லாம் நன்றாகவே முடிந்துவிடவில்லை. ஜெர்மனியின் நிலக்கரிப் பகுதியான ரூரில் உள்ள ‘போகும்’ (Bochum) என்ற நகரில் சுரங்கங்கள் மூடப்பட்ட காலத்தில், 1962இல் ஒரு கார் தொழிற்சாலையும் 1965இல் ஒரு பல்கலைக்கழகமும் திறக்கப்பட்டன. அந்தக் கார் தொழிற்சாலையும் 2014இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பல்கலைக்கழகம் இன்றும் நடக்கிறது. ஒருவர் தம் வாழ்நாளில் இரண்டு மூன்று முறைகூடத் தொழிலை மாற்றிக்கொள்ள நேரலாம் என்பதால்தான், பிரான்சில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரின் பெயரிலும் பயிற்சிக்கென ஒரு கணக்கு இருக்கிறது. முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்கு 500 யூரோ வீதம், 5,000 யூரோ வரை அதில் சேரும். வேலை மாறினாலும் கணக்கு அவருடனேயே போகும்.

நம்மிடம் அப்படியொரு கணக்கு இல்லாத நிலையில், மூத்தவர் வேலையை விடாமலேயே, கணினிக் கட்டுப்பாட்டில் கடையும் சி.என்.சி. இயந்திரத்தைக் கற்றுக்கொள்வது நல்லது. மின்மோட்டாருக்கும் ஷாஃப்ட் வேண்டும், அதன் மேற்கூட்டையும் கடைந்துதான் ஆக வேண்டும். நுணுக்கமாகக் கடையத் தெரிந்த கைக்கு அங்கேயும் வேலை உண்டு.

கேள்வி: ஜெர்மனியின் தொழிற்பயிற்சி முறையை அப்படியே நம் மாவட்டத்துக்குக் கொண்டுவந்தால் என்ன?
– ஓர் ஆசிரியர், பென்னாகரம்

பதில்: அங்கே உள்ளதுபோல் வாரத்தில் மூன்று நான்கு நாள் தொழிற்கூடத்திலும் மீதி நாள் பள்ளியிலும் கற்பதும், பயிற்சிக் காலம் முழுவதும் மாத ஊதியம் பெறுவதும், தேர்வை முதலாளி நடத்தாமல், வட்டாரத் தொழில் நிறுவனங்களின் பொது அமைப்பான தொழில் சபை நடத்துவதும் நமக்கும் வேண்டியவையே. அப்ரண்டிஸ் சட்டம் 1961 முதலே நம்மிடம் இருக்கிறது. ஆனால் பயிற்சியாளரைக் குறைந்த கூலிக்குக் கிடைத்த ஆளாகப் பார்க்கும் மனப்போக்கு பல இடங்களில் இன்னும் மாறவில்லை. ஐந்து பேர் மட்டுமே வேலை செய்யும் சிறு பட்டறை தனியாகப் பயிற்சி தர முடியாது என்பதால், ஜெர்மனியில் தொழில் சபைகள் பொதுப் பயிற்சிக் கூடங்களை நடத்துகின்றன. ஓசூரின் சிறு தொழிற்கூடங்களும் கூடி இதைச் செய்யலாம்.

ஒன்றை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே, சுமார் பத்து வயதில், குழந்தைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்திருக்கும் பென்னாகரத்துக் குழந்தையின் வழியை அந்த வயதில் யாரும் முடிவு செய்யக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லோரும் சேர்ந்தே படிக்கட்டும். தொழிலையும் கல்லூரியையும் அதன் பிறகு அவர்களே தேர்ந்துகொள்ளட்டும்.