எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போகும் குழந்தையிடம் எவ்வளவு சொல்லலாம்?

ஏழு வயது மகளுக்கு லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) திரும்ப வந்துவிட்டது, மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டார்கள், அவளிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் அது நடப்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். என் மகனுக்கு எட்டு வயதில் இதே சிகிச்சை நடந்தது. மஜ்ஜை கொடுத்தது அவன் அக்கா.

நான் டாக்டர் இல்லை. மருந்து, அளவு, எந்த முறை என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். "பச்சைப் பிள்ளையிடம் போய் இதையெல்லாம் சொல்வதா" என்று சிலர் என்னைத் திட்டக்கூடும். கீமோ வார்டில் மாசக்கணக்கில் படுத்த பிள்ளைக்கு ஏற்கெனவே நிறையத் தெரியும் என்பதை அவர்கள் பார்த்ததில்லை. ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் 'எலும்பு ஆபரேஷன்' என்று போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, அக்காவின் காலை வெட்டி எலும்பை எடுத்துத் தனக்கு வைப்பார்கள் என்று என் மகன் நினைத்திருந்தான். இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. காரணம் கேட்டபோதுதான் இது தெரிந்தது.

அன்றைக்கே உட்காரவைத்துச் சொன்னேன். எலும்புக்குள்ளே ரத்தம் உற்பத்தியாகிற இடத்தில் கெட்ட செல் இருக்கிறது. முதலில் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்து அந்த இடத்தையே காலி பண்ணுவார்கள். அப்புறம் அக்காவின் இடுப்பெலும்பிலிருந்து ஊசியில் எடுத்ததை, ரத்தம் ஏற்றுகிற மாதிரியே பையில் தொங்கவிட்டு உன் நெஞ்சில் போட்டிருக்கிற குழாய் வழியாக ஏற்றுவார்கள். உனக்கு வெட்டுகிற வேலையே கிடையாது, அது தானாகவே எலும்புக்குள் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நான் பொண்ணா மாறிடுவேனாம்மா?" என்றான். டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்: நீ பையன்தான், ஆனால் உன் ரத்தத்தைச் சோதித்தால் அதில் அக்காவின் குரோமோசோம்தான் தெரியும், ரத்த வகையும் அக்காவுடையதாக மாறிவிடும். பி பாசிட்டிவாக இருந்தவன் இன்று ஓ பாசிட்டிவ். பள்ளியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான்.

ஏ.எல்.எல். (பிள்ளைகளுக்கு அதிகம் வரும் லுக்கேமியா வகை) உள்ள, நான்கு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்குப் பெரும்பாலும் உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அந்த நேரத்தில் அறைக்குள் அம்மாகூட இருக்க முடியாது, பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும். இதற்கு வீட்டிலேயே பழக்கலாம். அவன் கட்டிலில் படுத்திருப்பான், நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்று சத்தமாகக் கதை சொல்வேன். ஆஸ்பத்திரியில் மைக் வழியாக அதே கதையைச் சொன்னேன், மயக்க மருந்து இல்லாமலே முடிந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது சரிப்படும் என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்தேதான் செய்ய வேண்டியிருக்கும்.

வலிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். வாயிலிருந்து வயிறுவரை புண்ணாகும், எச்சில்கூட விழுங்க முடியாது. அதை முன்பே சொல்லி, சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம்வரை ஆறு படம் இருக்கும் வலி அட்டையையும் காட்டிவைத்தோம். அந்த வாரம் அவனால் பேச முடியவில்லை, கடைசி முகத்தைத் தொட்டுக் காட்டினான், நர்ஸ் வலி மருந்தைக் கூட்டினார். ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறும்வரை வெளியே விட மாட்டார்கள் என்பதையும், திராட்சையும் வெளி ஐஸ்கிரீமும் ரொம்ப நாளைக்குக் கிடையாது என்பதையும்கூட மறைக்கவில்லை. குழந்தையில் போட்ட தடுப்பூசிகளைத் திரும்பவும் போட வேண்டும் என்றதற்குத்தான் அழுதான்.

உங்கள் பெரிய பையன்தான் கொடையாளி என்று எழுதியிருக்கிறீர்கள். அவனைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். கூடப் பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்துவதற்கு வாய்ப்பு நாலில் ஒன்று. பொருந்திவிட்டது என்றதும் நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோம், என் மகள் மட்டும் பேசாமல் இருந்தாள். அவளுக்கு 11 வயது. "பொம்பளைப் பிள்ளை உடம்பில் கை வைக்கிறீர்களே, நாளைக்குக் கல்யாணம் காட்சி வேண்டாமா" என்று அவள் காதுபட ஒரு பெரியம்மா கேட்டார். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும், இடுப்பு கொஞ்ச நாள் வலிக்கும், அவ்வளவுதான். ஆனால் அவள் பயம் வேறு. "என்னோடது தம்பிக்கு வேலை செய்யலைன்னா நான்தான் காரணமா?" மயக்க மருந்துக்குச் சம்மதம் கேட்க வந்த டாக்டரிடம் சொல்லி, நாங்கள் இல்லாமல் அவளிடம் தனியாகப் பேசவைத்தோம். நோய் திரும்பினாலும் அது நோயின் வேலை, கொடுத்தவர் செல்லின் குற்றமில்லை என்று அவரே சொன்னார். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார். யோசித்துவிட்டு அவளே சரி என்றாள்.

இன்னொன்று. டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஏறக்குறைய 100-வது நாள்வரை ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கச் சொல்வார்கள். வீடு பார்க்கப் போனால், முடியில்லாத தலையும் மாஸ்க்கும் பார்த்த உடனே "ஒட்டுற வியாதியா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். அட்வான்ஸ் வாங்கியவர்கூட மறுநாள் திருப்பிக் கொடுத்தார். நம்மால் பிறருக்கு எதுவும் ஒட்டாது, பிறரிடமிருந்து என் பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாதே என்றுதான் அந்த மாஸ்க். படித்தவர்கள்தான் இப்படிச் செய்தார்கள், இன்னும் ஆறவில்லை. நீங்கள் அட்மிஷனுக்கு முன்னாலேயே வீட்டை முடித்துவிடுங்கள்.

பல் டாக்டரிடம் இப்போதே காட்டிச் சொத்தை இருந்தால் சரி செய்துவிடுங்கள். நெஞ்சுக் குழாயோடு குளிப்பாட்டுவது, சமையலில் என்ன கவனிப்பது என்று ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள், தெரிந்ததை எழுதுகிறேன்.