தகவலாளர் பட்டியலில் ஏழாவது பெயர்

கேள்வி: எங்கள் ஊர் நாங்குநேரிப் பக்கம். பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டுப்புறவியல் தாளில் வகுப்பிலேயே எனக்குத்தான் கூடுதல் மதிப்பெண். வில்லுப்பாட்டைப் பற்றி நாற்பது பக்க ஒப்படைப்பு எழுதினேன். ஆறு கலைஞர்களை நேரில் கண்டு பேட்டி எடுத்தேன். பாட்டுக்குப் பக்கவாத்தியமாக மண்குடத்தில் அடிக்கும் குடத் தாளம் பற்றிய பகுதியை மட்டும் வீட்டிலேயே கேட்டு எழுதிக்கொண்டேன். பைண்ட் செய்த பிரதியைப் பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேலே எம்.ஏ. நாட்டார் வழக்காற்றியல் படிக்க ஆசை. பகலில் வயல் வேலைக்குப் போகும் என் அப்பா, முப்பது ஆண்டுகளாக ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறார். அவராவது ஆதரிப்பார் என்று நினைத்தேன். பொங்கலுக்குப் பிறகு, "அதைப் படித்து என்ன ஆகப் போகிறது, பி.எட். போ" என்று பிடிவாதமாக நிற்கிறார். சித்தப்பாவும் அவருடன் சேர்ந்துகொண்டார். இந்தப் படிப்பின் அருமையை அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு மாணவி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: "வீட்டிலேயே கேட்டு எழுதிக்கொண்டேன்" என்கிறாயே அம்மா, வீட்டில் யாரிடம் கேட்டாய்? சுவரிடமா?

குடத் தாளம் தெரிந்தவர் உன் வீட்டில் ஒரே ஒருவர்தான். கண்டு பேசிய கலைஞர்கள் ஆறு பேர் என்று கணக்குச் சொல்கிறாய். ஒப்படைப்பின் கடைசியில், உனக்குத் தகவல் சொன்னவர்களை வரிசைப்படுத்தும் தகவலாளர் பட்டியலில் அப்பா இருந்திருந்தால் எனக்கும் ஏழு என்றே எழுதியிருப்பாய். ஆறு என்று உன் கை தானாக எழுதிவிட்டது.

விரும்பிய பாடத்தைப் படிக்க வீட்டில் விடவில்லை என்று எனக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் பிள்ளைகள் பக்கம்தான் பேசுவேன். இந்த முறை பேச முடியவில்லை. பொங்கலுக்கு அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. பொங்கலுக்குப் பிறகு அப்பா மாறினார். இரண்டையும் நீயே எழுதியிருக்கிறாய், இடையில் முடிச்சுப் போட மட்டும் மறந்துவிட்டாய். மகள் எழுதிய புத்தகம் என்று எந்தத் தகப்பனும் புரட்டிப் பார்ப்பார். முன்பக்கம் பார்த்திருப்பார், கடைசிப் பக்கமும் பார்த்திருப்பார். தான் சொல்லிக்கொடுத்த தாளம் நடுவில் இருக்கிறது, பக்கத்து ஊர்க்காரர் பெயரெல்லாம் இருக்கிறது, தன் பெயர் இல்லை. அதைக் கேட்பதற்கு அவருக்கு வாய் வருமா? "பி.எட். போ" என்றுதான் வரும்.

களப்பணிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லித் தருவது என்ன? சொன்னவர் பெயர், வயது, ஊர், யாரிடம் கற்றார், எந்த நாளில் கேட்டாய். இந்தத் துறையை நாட்டுப்புறவியல் என்பதா, நாட்டார் வழக்காற்றியல் என்பதா என்று பேராசிரியர்கள் எத்தனை காலம் வேண்டுமானாலும் சண்டை போடட்டும், இந்த ஒரு விதியில் இரண்டு கட்சியும் ஒன்றுதான். மதிப்பெண் வாங்கிய உனக்கு அது தெரியாமலா போயிற்று?

சொந்தத் தகப்பனைத் தகவலாளராகக் காட்டினால் ஆய்வு ஆகாது என்று யாராவது சொன்னார்களா? அப்படியானால் அது அறியாமை, திருத்திக்கொள்ளலாம். 1917இல் பிறந்த நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை உன் நாங்குநேரிக்காரர்தானே! தன்னைச் சுற்றியிருந்த மண்ணின் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்தார், முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தார். கே. ஏ. குணசேகரன் மேடையில் பாடினார், பாடிய அந்த இசையைப் பற்றியே ஆய்வும் செய்தார், பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். வேண்டியவர்களிடம் கேட்பது குற்றமில்லை. "இவர் என் தந்தை" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், படிக்கிறவர் தானே எடை போட்டுக்கொள்வார்.

கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு அப்பா குடம் அடிக்கிறவர் என்று தெரிய வேண்டாம் என்று நினைத்திருந்தால், எனக்குக் கோபம் வருகிறது. அடுத்த வீட்டுத் தகப்பன் அடித்தால் கலை, நம் வீட்டில் அடித்தால் மறைக்க வேண்டிய தொழிலா? பெற்றவரை ஒளித்து வைத்துவிட்டு மக்கள் கலையைக் காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்பாதே.

நான் கொடை என்கிற கோயில் திருவிழா பார்த்து வளர்ந்தவள். நடுச்சாமத்தில் சுடலைமாடன் கதை நடக்கும். முன்னால் உட்கார்ந்து கதை பாடும் அண்ணாவி, வில்லை அடிக்கும் வீசுகோலை ஓங்கி நாணில் போடுவார், வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும், கூட்டத்தின் கண்ணெல்லாம் அங்கேதான். குடம் அடிக்கிறவர் குனிந்த தலை நிமிராமல், ஒரு கையில் பத்தி என்கிற தட்டை மட்டையால் குடத்தின் வாயை அடித்துக்கொண்டே மறு கையில் காசை வைத்துக் குடத்தின் உடம்பில் தட்டிக்கொண்டிருப்பார். சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடும் நேரத்தில்தான் ஓரக்கண்ணால், சாமியாடும் கோமரத்தாடியின் காலைப் பார்ப்பார். அந்தக் கால் துடிக்கத் தொடங்கினால் காசின் தட்டு நெருக்கமாகும், உடுக்கை கூடச் சேரும். சாமி வந்து அடங்கி விடிந்த பிறகு சால்வை அண்ணாவிக்குப் போகும். குடத்துக்குக் கூலியும் ஒரு முறி தேங்காயும்.

அச்சில் வந்த கதைப்பாடல் எதையாவது எடுத்துப் பார். கதை இருக்கும், பாட்டு இருக்கும். காசு எந்த இடத்தில் நெருங்குகிறது என்பது இருக்காது. தமிழ் இலக்கியம் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வருகிறவர்கள் சொல்லைப் பிடித்துக்கொண்டு தாளத்தைக் கோட்டை விடுவது பழைய நோய். இசையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பவர்கள் புலம்புவதும் இதைத்தான். உனக்கு அந்தத் தாளம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. வில்லிசையில் பேர் பெற்ற பூங்கனியைக்கூட முதுமையில்தான் தேடிப் போய் எழுதினார்கள், 2018இல் அவரும் போய்விட்டார். முன்னால் உட்கார்ந்து பாடியவருக்கே அந்தத் தாமதம் என்றால் பக்கத்தில் குடம் அடிக்கிறவரைத் தேடி யார் வருவார்கள்? நீதான் போயிருக்க வேண்டும். திண்ணையிலிருந்து முற்றத்துக்கு எட்டு அடி.

வேலை விஷயத்தில் அப்பா சொல்வதை அலட்சியம் செய்யாதே. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை இருக்கிறது, கல்லூரி ஆசிரியர் பணிக்கான யுஜிசி நெட் தேர்வில் நாட்டார் இலக்கியம் தனிப் பாடமாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டத்துக்கென்று காத்திருக்கும் வேலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பி.எட். பட்டமும் கையில் இருக்கட்டும், எதை முன்னால் படிப்பது என்பதை அப்பாவோடு உட்கார்ந்து பேசி முடிவு செய். வயலுக்கும் போய் ராத்திரி முழுக்கக் குடமும் அடித்து உன்னைக் கல்லூரிக்கு அனுப்புகிறவர், மாதச் சம்பளத்தைப் பற்றி நினைப்பது பிற்போக்கு இல்லை.

சித்தப்பாவை விடு. அண்ணன் மாறினால் அவரும் மாறுவார்.

படிப்பின் அருமையைப் புரியவைக்க என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் பேச வேண்டாம். முதலில் பேராசிரியரிடம் போய் ஒரு தகவலாளரை விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொள். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். இனிப் பங்குனி, சித்திரை என்று கொடைகள் வரும். அப்பாவோடு ஒரு கொடைக்குப் போ, அவருக்குப் பின்னால் உட்கார், செல்போன் ஒலிவாங்கியை அண்ணாவியின் வாய்க்கு நீட்டாமல் குடத்தின் பக்கம் வை. மறுநாள் அவர் தூங்கி எழுந்து காபி குடித்த பிறகு பதிவைப் போட்டுக் காட்டி, இந்த இடத்தில் ஏன் வேகம் மாறியது என்று கேள். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்றும் கேள், அந்தப் பெயரும் எங்கேயும் பதிவாகியிருக்காது. பதிவைச் செல்போனோடு விட்டுவிடாதே, இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வை. இப்படிப்பட்ட ஒலிகளைப் பாதுகாக்கவே 1982இல் தொடங்கிய ஓர் ஆவணக் காப்பகம் ஹரியானாவில் குருகிராமில் இருக்கிறது. நாளைக்கு உனக்கு உதவலாம்.

அதற்கெல்லாம் முன்னால், வீட்டில் இருக்கும் அந்தப் பிரதியின் கடைசிப் பக்கத்தைத் திற. ஆறாம் எண்ணுக்குக் கீழே பேனாவால் ஏழு என்று போட்டு அப்பா பெயர், வயது, ஊர் எழுது. தொழில் என்ற கட்டத்தில் விவசாயக் கூலி என்று எழுதிவிடாதே.